பார்த்து வைத்த பலகை

சென்ற வாரம் ஈயம் பூசும் பாஷா பாய் எங்கள் தெருவுக்கு வந்தார். ஓசூரில் கிளம்பி, சூளகிரி வழியாக ஊர் ஊராகத் தங்கி, கிருஷ்ணகிரிக்கு வந்து சேர அவருக்குப் பத்துப் பதினைந்து நாளாகும். எங்கள் வீட்டுக்கு எதிரே புங்கமரத்தடியில் சின்னதாகக் குழி தோண்டி, துருத்தியை வைத்து, கரியை மூட்டி, என் பித்தளைத் தவலையைக் கவிழ்த்துச் சூடேற்றினார். நவச்சாரத்தைத் தூவித் துணியால் தேய்த்ததும் வெள்ளைப் புகை கிளம்பி மரக்கிளைகளுக்குள் போய்த் தங்கியது. தவலையின் உட்புறம் பளபளவென்று வெளுத்து வந்தது. அதுவரை ஒன்றும் பேசாதவர், இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "ஓசூரு லட்சுமக்கா மவுத்தாயிட்டாங்கம்மா" என்றார்.

எனக்கு உடனே மனசில் ஏறவில்லை. மரத்துக்குள் கலைந்துகொண்டிருந்த புகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். "வந்ததுமே ஏன் சொல்லவில்லை?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

"சொல்லியிருந்தா நீங்க தவலைய எடுத்துக் குடுத்திருக்க மாட்டீங்க. அப்பறம் புளி போட்ட கொழம்பு கசந்து கெடக்கும். அதான் முடிச்சிட்டுச் சொல்றேன்" என்றார் அவர். லட்சுமக்கா இருந்திருந்தால் அவரும் இதையேதான் செய்திருப்பார் என்று தோன்றியது. அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

ஓசூர் பழைய பேட்டையில் லட்சுமக்காவின் கடையில் பாத்திரம் வாங்கியவர்களுக்கும், பாகலூர் சந்தையில் அவருடைய கூடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பேரம் பேசியவர்களுக்குமாக இதை எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர்களும் படிக்கலாம். ஆனால் உங்களில் சிலருக்குச் சொல்லவேண்டிய செய்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. அவர் உயிரோடிருந்தவரை அதைச் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை.

நாங்கள் ஓசூருக்கு வந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். என் கணவருக்குத் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலை. நான் தஞ்சாவூர்ப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள். ஆவணி மாதத்தில் போர்வை கேட்கிற ஊரை அதற்குமுன் கண்டதில்லை. காலையில் கதவைத் திறந்தால் எதிர்வீடு இருக்காது. பனி விலக விலக, முதலில் கோயில் மலையின் உச்சி தெரியும், பிறகு ஓட்டுக் கூரைகள், பிறகு ஆட்கள். கன்னடமும் தெலுங்கும் எங்கிருந்து வருகின்றன என்றே தெரியாமல் பனிக்குள்ளிருந்து கேட்கும். முதல் சில மாதங்கள் நான் முழுசாக விழித்துக்கொள்ளாமலே அந்த ஊரில் நடமாடிக்கொண்டிருந்ததாக இப்போது நினைக்கிறேன்.

அப்படி ஒரு காலையில்தான் தோசைக் கல் வாங்க அவர் கடைக்குப் போனேன். தகரக் கூரை போட்ட சின்னக் கடை. உத்தரத்திலிருந்து கயிறு கயிறாக அலுமினியத் தூக்குகளும் தட்டுகளும் தொங்கின. தகரத்தில் இருந்த ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் இறங்கி, அந்தப் பாத்திரங்களில் பட்டு, நிற்பவர்களின் முகத்திலும் சேலையிலும் வெளிச்சப் பொட்டுகளாக ஊர்ந்துகொண்டிருந்தது. கீழே நாலைந்து குழந்தைகள் ஆளுக்கொரு கரண்டியால் கவிழ்த்த சட்டிகளைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவே நாற்பது நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண்மணி, ஒரு சின்ன டம்ளரை வாயில் வைத்து, தண்ணீர் இல்லாமலே குடித்துக்கொண்டிருந்தார்.

அதுதான் லட்சுமக்கா. அவர் குடிக்கவில்லை. டம்ளரின் விளிம்பைத் தன் கீழுதட்டில் வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைகளுக்கென்று கடைக்கு வருகிற ஒவ்வொரு டம்ளரும், பால் புகட்டும் பாலாடையும், கிண்ணமும் அவருடைய உதட்டைத் தாண்டித்தான் விற்பனைக்குப் போகும். பிசிறு இருந்தால் அரத்தால் ராவி, சாம்பல் போட்டுத் தேய்த்து, மறுபடி உதட்டில் வைப்பார். உதட்டின் இடது ஓரத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. கேட்டதற்கு, "அந்த டம்ளரு வேற எந்தக் கொழந்தைக்கும் போகல, அதுவரைக்கும் சந்தோசம்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் பெங்களூரில் எடுக்கிற சரக்கு முக்கால்வாசி நசுங்கிச் சொட்டை விழுந்தது. மொத்த வியாபாரிகள் ஓரமாக ஒதுக்கி வைத்ததைக் குறைந்த விலைக்கு எடுத்து வந்து குறைந்த விலைக்கே விற்பார். கல் உடைக்கிறவர்கள், பட்டுப்பூச்சி வளர்க்கிறவர்கள், கேழ்வரகு அறுப்புக்குக் கூலிக்குப் போகிறவர்கள், எங்களைப் போன்ற குமாஸ்தாக் குடும்பங்கள் என்று எல்லாருடைய அடுப்பிலும் அந்தச் சொட்டைப் பாத்திரங்கள்தாம் ஏறின. யாராவது முகம் சுளித்தால், "சொட்ட வழியா சோறு ஒழுகாது கண்ணு. உன் கொழந்தைக்கு ஒரு வயசு ஆவட்டும், புதுசும் இப்பிடித்தான் ஆவப்போவுது" என்பார். என் வீட்டில் அது எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன.

கேட்ட பொருளையெல்லாம் அவர் விற்றுவிட மாட்டார். ஒருநாள் வெளியூர்ப் பண்ணையார் ஒருவர் வில்வண்டியில் வந்திறங்கி, கண்ணாடி டம்ளர்களும் பீங்கான் கோப்பைகளும் வேண்டும் என்றார். அவர் இடுப்பில் இரண்டு வயதுப் பேத்தி. லட்சுமக்கா பேத்தியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சாமி, இது தவழ்ற கொழந்தையா, நடக்கறதா?" என்றார். "ஓடுறது" என்றார் அவர் பெருமையாக. "அப்பிடின்னா மூணு வருசம் கழிச்சி வாங்க" என்று சொல்லி, மூடி போட்ட ஒரு தூக்கையும் அடிப்பாகம் அகன்ற இரண்டு தட்டுகளையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். பண்ணையார் வண்டியேறும்வரை திட்டிக்கொண்டே போனார். ஆனால் தட்டைக் கீழே வைக்கவில்லை.

ஊர் எந்த மாகாணத்தில் சேரும் என்று டீக்கடைகளில் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. லட்சுமக்கா வீட்டில் பேசுவது தெலுங்கு, பெங்களூர் வியாபாரிகளோடு கன்னடம், எங்களோடு தமிழ். அவரிடம் யாரோ அபிப்பிராயம் கேட்டார்கள். "எந்தப் பக்கம் போனாலும் கொழந்த காலைல அஞ்சு மணிக்குப் பாலுக்கு அழுவும்" என்றாராம். அதற்குமேல் அந்தப் பேச்சில் அவருக்கு ஆர்வமில்லை.

தோசைக் கல் வாங்கப் போன அன்று எனக்கு ஐந்தாம் மாதம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எத்தினி மாசம்?" என்றார். சொன்னேன். "மேல ஏதாச்சும் பாத்து வச்சியா?" என்றார். எனக்கு விளங்கவில்லை.

பிள்ளை பிறப்பதற்குமுன் பிள்ளைக்கென்று எதையும் வாங்கக்கூடாது என்று எங்கள் வீட்டில் கண்டிப்பு. தொட்டில், பாலாடை, குட்டிச் சட்டை எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. ஓசூரிலும் அதே வழக்கம்தான். அதனால் பிள்ளை பிறந்த அன்று வீடே அல்லோலகல்லோலப்படும். பால் காய்ச்சச் சின்னப் பாத்திரம் இருக்காது. தொட்டில் கட்டக் கொக்கி இருக்காது. ஆண்கள் மூலைக்கொருவராக ஓடுவார்கள். இதற்கு லட்சுமக்கா ஒரு வழி செய்து வைத்திருந்தார். "வாங்கினாத்தான குத்தம்? பாத்து வச்சா யாரு கேக்கறது?" என்றார்.

கடையின் பின்சுவரில், உத்தரத்துக்குச் சற்றுக் கீழே, நீளமாக ஒரு பலகை இருந்தது. அதில் சின்னச் சின்னத் துணி மூட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கர்ப்பிணிகள் வந்து வேண்டியதைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்கள். பேர் கேட்பதில்லை, பணம் வாங்குவதில்லை. அவரவர் பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்தால், அதன் ஓரத்தில் ஒரு கீற்றை அவரே கிழித்து மூட்டையைக் கட்டி மேலே வைத்துவிடுவார். சேலையின் நிறம்தான் அடையாளம். பிள்ளை பிறந்ததும் வீட்டு ஆள் வந்து நிறத்தைச் சொல்வார். மூட்டை இறங்கும்.

மறுநாளே என் மாம்பழ மஞ்சள் சேலையை எடுத்துக்கொண்டு போனேன். கருப்புக் கோடு போட்ட பருத்திச் சேலை, அம்மா கட்டிப் பழசானது. ஒரு பாலாடை, பால் காய்ச்ச மூக்கு வைத்த சின்னக் கிண்ணி, தொட்டில் கொக்கி, சேலை சுருங்காமல் குறுக்கே கொடுக்கிற கட்டை, கேழ்வரகுப் பால் வடிகட்டச் சல்லடை எல்லாம் எடுத்தேன். கடைசியாக ஒரு டம்ளர். விளிம்புக்குக் கீழே கட்டைவிரல் பதிகிற அளவில் ஒரு சொட்டை இருந்தது. மாற்றித் தருகிறேன் என்றார் லட்சுமக்கா. நான் வேண்டாமென்றேன். "கொழந்த வெரலு உக்கார எடம்னு நெனச்சிக்கோ" என்று அவரும் சேர்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல ஒரு காலம் என் வாழ்க்கையில் திரும்ப வரவில்லை. உலையில் அரிசி போட்டுவிட்டு நின்றால் எதிரே அந்தப் பலகை தெரியும். பனிக்குள் நடந்து ஏரிக்கரைப் பக்கம் போனால் தண்ணீரின் பளபளப்பில் அந்த டம்ளர் தெரியும். ஒரு சின்னக் கை, முகமில்லாமல் கை மட்டும், அந்தச் சொட்டையில் விரலை வைத்துத் தூக்கிக் குடிக்கும். குடித்து முடித்ததும் டம்ளரைத் தரையில் போடும். அந்தச் சத்தம்கூடக் காதில் விழும். வாரத்துக்கொரு தடவை ஏதாவது சாக்குச் சொல்லிக் கடைக்குப் போவேன். துடைப்பம், சோப்பு, விளக்குத் திரி. அண்ணாந்து பார்த்து, மஞ்சள் கீற்று இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு திரும்புவேன். லட்சுமக்கா ஒன்றும் தெரியாதவர்போலத் திரியை எண்ணிக் கொடுப்பார்.

எட்டாம் மாதம் வலி கண்டது. பெண் குழந்தை. அழவேயில்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. என் கணவர் மூட்டை வாங்கப் போகவில்லை என்பது மட்டும் சொன்னால் போதும்.

ஐந்தாறு மாதம் கழித்து, என் கணவரின் கச்சேரி நண்பர் வீட்டு விசேஷத்துக்காகப் பாகலூர் போயிருந்தோம். அன்று சந்தை. அவரைக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் கன்னடக்காரப் பெண் ஒருத்தி தன் குழந்தைக்கு மோர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வருஷம் நிரம்பிய பெண் குழந்தை. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்திருந்தது. விளிம்புக்குக் கீழே சொட்டை. கட்டைவிரல் சரியாக அதில் உட்கார்ந்திருந்தது. ஆயிரம் டம்ளருக்கு நடுவிலும் எனக்கு அது தெரியும்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்குநுனியில். சந்தையின் மறுகோடியில் லட்சுமக்கா கூடையை விரித்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. என் கணவர் கையைப் பிடித்து இழுத்ததையும் உதறிவிட்டு நேரே போய் நின்றேன். "என் குழந்தைக்குப் பார்த்து வச்ச டம்ளரை எப்படி வித்தீங்க?" என்றேன். கூட்டம் திரும்பியது. நீங்க என்று ஆரம்பித்தது நீ என்று ஆனது. "உனக்கு நெஞ்சில ஈரம் இருக்கா? பாத்திரக்காரிக்குப் பாத்திரம் வித்தாப் போதும், யார் வயிறு எரிஞ்சா என்ன?" என்றெல்லாம் கத்தினேன். வேறு என்னென்னவோ சொன்னேன். அவற்றை எழுதிக் காட்ட வெட்கமாக இருக்கிறது.

அவர் எழுந்து நிற்கவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை. "வித்தேன் கண்ணு" என்றார். "மேலயே வச்சிக்கினு இருந்தா, நீ கடைக்கு வர்றப்பல்லாம் அண்ணாந்து அதத்தான பாப்ப? மறுக்கா நீ எதனாச்சும் வைக்கணும்னா பலகைல எடம் இருக்கணுமில்ல."

"நான் வந்தால்தானே!" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அதற்குப் பிறகு ஒரு கரண்டி வாங்கவேண்டியிருந்தாலும் கடைவீதியின் மறுகோடிக்குப் போனேன். அந்தக் கடையில் விலை அதிகம், விளிம்பெல்லாம் பிசிறு. என் வீம்புக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

இரண்டாவது முறை கரு தங்கியபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. நாள் எண்ணவில்லை. எதையும் பார்த்தால் ஆசை வரும், ஆசை வந்தால் பறிபோகும் என்று எனக்குள் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தொட்டிலைப் பார்க்க நேர்ந்தால் கண்ணைத் திருப்பிக்கொள்வேன். சாப்பாடு இறங்கவில்லை. ஏழாம் மாதத்திலும் வயிறு வெளியே தெரியாமல் நான் மட்டும் இளைத்துக்கொண்டே போனேன். மருத்துவச்சி என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா இப்பிடியே பயந்துக்கினு பட்டினி கெடந்தா இதுவும் தங்காது சாமி" என்று சொல்லியிருக்கிறாள். அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. லட்சுமக்காவிடம் போய்ச் சொன்னார். அவர் போனது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

ஒரு பிற்பகல் தூறிக்கொண்டிருந்தது. லட்சுமக்கா தலையில் கூடையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அலுமினியப் பாத்திரங்களில் மழைத்துளி விழுந்து மெல்லியதாக ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. தலைச்சுமைக்காரர் ஒருவர் "ஒரு கை குடு" என்று கேட்டால், பகையாளியானாலும் கொடுத்தாக வேண்டும். அந்த ஊரில் அதை யாரும் மீறி நான் பார்த்ததில்லை. அவரும் அதைத்தான் கேட்டார். "நீ தூக்காத கண்ணு. சும்மா ஓரத்தப் புடி. நான் குனியறேன்" என்றார்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பிடித்தேன். கூடை தரைக்கு வந்தது. அவர் தலையில் இருந்த சும்மாடு, சுமைக்கு அடியில் வைக்கிற அந்தத் துணி வளையம், நழுவி என் காலடியில் விழுந்து கொஞ்சம் பிரிந்துகொண்டது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன். பல நிறத்துத் துணிக்கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருந்தது. வெயிலிலும் வியர்வையிலும் எல்லாம் நிறம் மங்கியிருந்தன. மேலாகச் சுற்றியிருந்த ஒன்று மட்டும் அவ்வளவாக மங்கவில்லை. மாம்பழ மஞ்சள், கருப்புக் கோடு.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் தூறல் விழுந்துகொண்டேயிருந்தது. அவரும் எதிரே உட்கார்ந்தார்.

"பாத்திரத்த வித்துடுவேன் கண்ணு" என்றார். "அது யாரு வாயிக்காச்சும் போவணும். துணிய எப்பிடி விக்கறது? தூக்கிப் போடவும் மனசு வரல. தலைல வச்சிக்கினேன்."

"இதெல்லாம்?" என்றேன்.

"எல்லாம் அப்பிடித்தான். எத்தினின்னு எண்ணல."

நடுவில், எல்லாவற்றுக்கும் அடியில், பழுப்பாகிப் போன ஒரு கீற்று தெரிந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்ததை அவர் கவனித்தார். "அது மொதல்ல சுத்தினது. என்னுது" என்றார். "எம் பசங்க ரெண்டுக்கும் முன்னாடி ஒண்ணு இருந்திச்சி." அந்த இரண்டு பையன்களும் அப்போது பெங்களூர் மில்லில் வேலையாக இருந்தார்கள்.

நான் பாகலூர் சந்தையில் கத்தியபோதும் இந்தச் சும்மாடு அவர் பக்கத்தில்தான் கிடந்திருக்கும். எடுத்துக் காட்டியிருந்தால் என் வாய் அடைத்துப் போயிருக்கும். ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "சந்தைல வச்சா? எத்தினி அம்மாங்க நிக்கறாங்க அங்க" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாராண்டயும் சொல்லாத கண்ணு. நான் உசிரோட இருக்கறவரைக்கும் சொல்லாத. அப்பறம் எதிர்ல வர்றவங்கல்லாம் என் தலையவே பாப்பாங்க. எனக்கும் சொம ஏத்த முடியாது" என்றார்.

அழுது முடித்தபோது எனக்குப் பசித்தது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த பசி. களி கிண்டியது இருந்தது, இரண்டு பேரும் சாப்பிட்டோம். பிறகு அவர் கூடையை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் பார்த்தேன். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாலாடை, கிண்ணி, கொக்கி எடுத்தாயிற்று. டம்ளர்கள் எல்லாம் அன்றைக்கென்று சொட்டையில்லாமல் இருந்தன. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை உதட்டில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். அப்புறம் விளிம்புக்குக் கீழே தன் கட்டைவிரலை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஓர் அழுத்து அழுத்தினார். "வெரலு உக்கார எடம் வேணுமில்ல" என்றார்.

உள்ளே போய் அதே மஞ்சள் சேலையைத்தான் எடுத்து வந்தேன். வேறு சேலை எடுக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. முன்பு கிழித்த இடத்துக்கு எதிர் ஓரத்தில் ஒரு கீற்றுக் கிழித்தார்.

அதற்குப் பிறகு நான் சாப்பிட்டேன், தூங்கினேன், வாரத்துக்கொரு தடவை விளக்குத் திரி வாங்கினேன். புரட்டாசிப் பனியில் ஒரு விடியற்காலை என் மகன் பிறந்தான். தெருவே கேட்கும்படி அழுதான். என் கணவர் செருப்புகூடப் போடாமல் பழைய பேட்டைக்கு ஓடினார். "மஞ்சள், கருப்புக் கோடு" என்று மூச்சிரைக்கச் சொன்னாராம். லட்சுமக்கா மூட்டையை இறக்கி, அவசரம் என்று இவர் கெஞ்சியும் கேட்காமல், டம்ளரையும் பாலாடையையும் இன்னொரு தடவை உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாராம். மூட்டை கட்டியிருந்த கீற்றை நான் தொட்டில் கயிற்றில் முடிந்து வைத்தேன். மகனுக்கு நாக்கில் பட்ட முதல் பால் அந்தப் பாலாடையில்தான்.

மாற்றலாகிக் கிருஷ்ணகிரிக்கு வந்தபோது விடைபெறப் போனேன். கடையில் எவர்சில்வர் தட்டு ஒன்று புதிதாகத் தொங்கியது. "பளபளன்னுதான் இருக்குது. வெல கேட்டா கொழந்த வச்சிருக்கறவங்க ஓடிடறாங்க" என்று அலுத்துக்கொண்டார். என் மகன் கீழே உட்கார்ந்து சட்டியைத் தட்டிக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல அண்ணாந்து பலகையைப் பார்த்தேன். சிவப்பு, ஊதா, கட்டம் போட்ட பச்சை என்று ஏழெட்டு மூட்டைகள் இருந்தன. அவர் தலையைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. அவர் கண்டுகொண்டு, போ என்பதுபோலக் கையை வீசிச் சிரித்தார். அதுதான் கடைசியாகப் பார்த்தது.

பாஷா பாய் சாமான்களைக் கட்டும்போது மீதியையும் சொன்னார். இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து மகன்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் வழக்கப்படி அடக்கம். "தலைக்கு வைக்கப் பஞ்சுத் தலகாணி கொண்டாந்தாங்கம்மா. பெரியவன் வேணாம்னுட்டான். கூட தூக்கற சும்மாட்டத்தான் தலைக்கு வைக்கணும்னு அக்கா முன்னாடியே சொல்லி வச்சிருந்தாங்களாம். எதுக்குன்னு அவனுக்கே தெரியல. ஆயுசு பூரா சொமந்த பழக்கம், வேறென்னன்னு எல்லாரும் பேசிக்கினாங்க. அதையேதான் வச்சி மூடினோம்" என்றார்.

அவருக்குக் காரணத்தைச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு, முதலில் தெரிய வேண்டியது உங்களுக்குத்தான் என்று தோன்றியது. பழைய பேட்டைக் கடையில் ஒரு கீற்றுக் கிழிக்கச் சேலையைக் கொடுத்து, மூட்டை வாங்க ஆள் அனுப்பாமல் போனவர்கள் நீங்கள். எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, அவரும் எண்ணவில்லை. உங்கள் துணி குப்பைக்குப் போகவில்லை. வெயிலிலும் மழையிலும் பாகலூருக்கும் திரும்பவும் அவர் தலைமேல் போய் வந்துகொண்டிருந்தது. இப்போது அவர் தலைக்கு அடியில் இருக்கிறது.

கட்டைவிரல் பதிந்த டம்ளரை என் மகன் வைத்திருக்கிறான். ஐந்து வயதாகியும் வேறெதிலும் பால் குடிக்க மாட்டேன் என்கிறான். இரண்டு ஓரமும் கிழிந்த மஞ்சள் சேலையை நான் வைத்திருக்கிறேன். என் மகள் லட்சுமக்காவிடம் இருக்கிறாள்.